மெட்டு தொலைந்த பாட்டுக்காரர்

அருணகிரிநாதர் போட்ட மெட்டு ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை.

முதலில் இதைக் கேட்டால் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். தினமும் எங்கேயோ ஒரு முருகன் கோயிலில் திருப்புகழ் பாடிக்கொண்டேதானே இருக்கிறார்கள்? ஆடிக் கிருத்திகைக்கு ஒலிபெருக்கியில் அலறுகிறதே? டி.எம்.எஸ். மூச்சு விடாமல் பாடுவாரே? பாடுவார். ஆனால் அந்த மெட்டு 1964-இல் வெளிவந்த 'அருணகிரிநாதர்' படத்தில் வந்த மெட்டு. டி.எம். சௌந்தரராஜன் அதில் அருணகிரிநாதராகவே நடித்தார். நம்மில் பலருக்கு முதல் திருப்புகழ் பாட்டின் 'அசல்' மெட்டு அதுதான். பாட்டின் வயது ஏறத்தாழ 600 வருஷம். மெட்டின் வயது நம்ம அப்பா அம்மா வயது.

மற்ற பாடல்களின் கதையும் இதுதான். கச்சேரியில் ஹம்சாநந்தியில் ஒருத்தர் பாடுவார், அதே பாட்டை பஜனையில் வேறொருத்தர் வேறு ராகத்தில் பாடுவார். ரெண்டும் பிற்காலத்தில் போட்டது. ஏட்டில் ராகத்தின் பெயர்கூட இல்லை.

அப்படியென்றால் இவரை எதை வைத்து இசையமைப்பாளர் என்று சொல்வது? கவிஞர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமே? போக முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. கோபுரத்திலிருந்து குதித்தவர்

திருவண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் கதையைச் சொல்வார்கள். அருணகிரி இந்த ஊர்க்காரர். வாலிபத்தில் தாசி வீடே கதியென்று கிடந்தார். சொத்தெல்லாம் போச்சு. உடம்பெல்லாம் நோய். கூடப் பிறந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தை சுருக்கென்று தைக்க, கோபுரத்தின் மேல் ஏறிக் குதித்தார். முருகன் தாங்கிப் பிடித்தார், நாவில் வேலால் எழுதினார், பாடு என்றார்.

எந்தக் கோபுரம்? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கிழக்கு ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து, 'இதிலிருந்தா?' என்று வாயைப் பிளப்பார்கள். 217 அடி. ஆனால் அருணகிரி காலத்தில் அந்தக் கோபுரமே கிடையாது. கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் முடிந்த வேலை அது. கதை சொல்கிற கோபுரம் உள்ளே இருக்கிற வல்லாள மகாராஜா கோபுரம். போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் பெயரில் இருப்பது. 14-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அவன் திருவண்ணாமலையைத் தலைநகராகவே வைத்திருந்தான். அந்தக் கோபுரத்தை ஒட்டி கோபுரத்து இளையனார் சன்னதி இருக்கிறது. குதித்தவரை முருகன் பிடித்த இடம் என்று காட்டுவார்கள்.

ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் இன்னொரு சன்னதி, கம்பத்து இளையனார். சம்பந்தாண்டான் என்கிற அரசவைக்காரன் சவால் விட, மன்னன் முன்னால் அருணகிரி பாட, முருகன் தூணில் காட்சி கொடுத்தார் என்பது அந்த இடத்தின் கதை. இன்னும் உள்ளே போனால் கிளி கோபுரம். ராஜாவுக்காக பாரிஜாதப் பூ எடுத்துவரக் கிளியின் உடம்பில் புகுந்து போனார், திரும்பி வருவதற்குள் மனித உடம்பை எரித்துவிட்டார்கள், கிளியாகவே இருந்து கந்தர் அனுபூதி பாடினார் என்பது அங்கே சொல்லும் கதை. ஆக, கோயிலுக்குள் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தாலே ஒரு ஆளின் வாழ்க்கை வரலாற்றைப் படித்து முடித்துவிடலாம். கல்லிலேயே அத்தியாயம் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கதைகளை எடுத்துவிட்டால் கையில் நிற்பது ரொம்பக் கொஞ்சம். அதில் உறுதியானது ஒரு பெயர். ஒரு திருப்புகழ் பாட்டில் 'பிரபுட தேவ மாராயர்' என்று ஒரு மன்னனைக் குறிப்பிடுகிறார். இது விஜயநகரத்துப் பிரௌட தேவராயர், அதாவது இரண்டாம் தேவராயர். 1420-களிலிருந்து 1446 வரை ஆண்டவர். பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் 1443-இல் வந்து பார்த்து வியந்தது இவருடைய விஜயநகரத்தைத்தான். இந்த ஒரு பெயரை ஆணியாக அடித்துத்தான் அருணகிரியின் காலத்தை 15-ஆம் நூற்றாண்டு என்று மாட்டி வைத்திருக்கிறோம்.

அடுத்த ஆதாரம் ஊர்ப் பெயர்கள். அவர் பாடிய ஊர்களை வரிசையாக எழுதினால் ஒரு பயண வரைபடமே கிடைக்கும். தமிழ்நாடு முழுக்க, வடக்கே காசி, கடல் தாண்டி கதிர்காமம், திருகோணமலை, யாழ்ப்பாணம். திருவண்ணாமலைக்கு மட்டும் 70-க்கும் மேற்பட்ட பாடல்கள். திருப்புகழோடு கந்தர் அலங்காரம், கந்தர் அந்தாதி, கந்தர் அனுபூதி, திருவகுப்பு, வேல் மயில் சேவல் விருத்தங்கள் என்று ஒரு பெரிய அடுக்கு. பாடியது 16,000 என்பார்கள். கிடைத்திருப்பது 1,300 சொச்சம்.

அந்த தாசி வீட்டுக் கதை? அது அவருடைய பாட்டுகளுக்குள்ளிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பல திருப்புகழ்களின் முன்பாதி பொருட்பெண்டிர் வலையில் விழுந்து கெட்டேன் என்று புலம்பும். பின்பாதி முருகனிடம் வரும். பாட்டில் 'நான்' என்று வந்தால் எழுதினவரின் வாக்குமூலம் அது என்று எடுத்துக்கொள்வது நம் பழக்கம். சினிமாப் பாட்டில் காதலன் 'செத்துப்போவேன்' என்று பாடினால் நாம் பாடலாசிரியருக்காகக் கவலைப்படுவதில்லை. பக்திப் பாட்டில் மட்டும் அந்த இடைவெளியை மறந்துவிடுகிறோம். அந்தப் பெண்களைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேச வேண்டியிருக்கிறது. இப்போது பாட்டுக்கு வருவோம்.

2. தத்த, தந்த, தய்ய

அச்சான திருப்புகழ்ப் புத்தகம் எதையாவது திறந்து பாருங்கள். பாட்டுக்கு மேலே 'தத்தன தனன' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். பலர் அதைத் தாண்டிப் பாட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பெயர் சந்தக் குழிப்பு. பாட்டு எந்த அச்சில் வார்க்கப்பட்டதோ அந்த அச்சு அது.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க யாப்பிலக்கணம் தெரிந்திருக்க வேண்டாம். வீட்டில் புழங்கும் சொற்களே போதும்.

'படி' என்று சொல்லுங்கள். ரெண்டும் குறில். இது 'தன'. 'வீடு' என்றால் முதல் எழுத்து நீளுது. இது 'தான'. 'பட்டு' என்றால் நடுவில் ஒரு வல்லின ஒற்று. இது 'தத்த'. 'பாட்டு' என்றால் நெடிலுக்குப் பிறகு அதே ஒற்று. இது 'தாத்த'. 'பந்து' - 'தந்த'. 'பாம்பு' - 'தாந்த'. 'கண்ணு' - 'தன்ன'. 'நெல்லு' - 'தய்ய'.

எட்டு ஆச்சா? அடிப்படைச் சந்தங்கள் இந்த எட்டுதான். இவற்றை நீட்டியும் சேர்த்தும் மீதி எல்லாம் உருவாகிறது. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 'வண்ணத்தியல்பு' என்ற நூலில் இந்தக் கணக்கை முறையாக எழுதி வைத்தார். அருணகிரியின் மேல் அவருக்கு இருந்த பித்து சாதாரணப் பித்து இல்லை. அருணகிரியின் மறுபிறவி என்றே அவரைச் சொல்கிறவர்கள் உண்டு.

இப்போது 'பட்டு', 'பந்து', 'நெல்லு' மூன்றையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மாத்திரைக் கணக்கில் மூன்றும் ஒன்று. ஆனால் காதுக்கு ஒன்றா? 'பட்டு' சொல்லும்போது ஒரு நொடிக்கும் குறைவாக வாய் அடைத்துக்கொள்கிறது. அங்கே சத்தமே இல்லை. 'பந்து' சொல்லும்போது அதே இடத்தில் மூக்கு வழியாக ஒரு ரீங்காரம் ஓடுது. 'நெல்லு' சொல்லும்போது ஒலி நாக்கின் ரெண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகுது. மிருதங்கக்காரர் அடைத்து அடிப்பதும், அதிரவிட்டு அடிப்பதும் வேறு வேறு சொல் இல்லையா, அந்த மாதிரி. சந்தம் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் சொல்வதில்லை, என்ன மாதிரி ஓசை என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

மேற்கத்திய இசைக்குறிப்பில் ஒரு சுரத்தின் நீளத்தை எழுத ஒரு குறி, அதை எப்படி வாசிப்பது என்று சொல்ல அதன் மேல் இன்னொரு குறி. அருணகிரி இந்த இரண்டையும் தமிழ் எழுத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். தனியாக ஒரு குறியும் தேவைப்படவில்லை.

வண்ணம் என்பது அவர் கண்டுபிடித்த வடிவம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொல்காப்பியம் செய்யுளியலில் 20 வண்ணங்களைச் சொல்கிறது. ஞானசம்பந்தர் தேவாரத்திலேயே தாளம் துள்ளும் பதிகங்கள் இருக்கின்றன. அருணகிரி செய்தது, அந்த வித்தையை ஒரு வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு அதன் எல்லை வரை போய்ப் பார்த்தது. திருப்புகழின் பொதுவான அமைப்பு இது: ஒரு சந்தத் துண்டு திரும்பத் திரும்ப வரும், பெரும்பாலும் மூன்று முறை. பிறகு 'தனதான' என்பது மாதிரி ஒரு சின்ன வால். அதைத் தொங்கல் என்பார்கள். அடுத்த அடியிலும் அதே அச்சு, அதே தொங்கல். பாட்டு முடியும் வரை ஒரு ஒற்றுகூட இடம் மாறாது.

கைத்தாளம் போட்டுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 'தகிட' என்பது மூன்று அட்சரம், ஒன்றரை எண்ணிக்கை. 'தகதிமி' நான்கு, இரண்டு எண்ணிக்கை. ஒரு தகிடவும் இரண்டு தகதிமியும் சேர்ந்தால் ஐந்தரை. எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் இது எப்படி உட்காரும்? உட்காராது. அதனால் திருப்புகழ் பாடுகிறவர்கள் பாட்டின் சந்தத்தையே தாளமாக எண்ணுகிறார்கள். சந்த தாளம் என்று அதற்குப் பெயர். தாளம் வெளியிலிருந்து வருவதில்லை, ஒவ்வொரு பாட்டும் தன் தாளத்தைத் தானே கொண்டு வருகிறது.

இப்படி எழுதுகிற ஆளை வெறுமனே கவிஞர் என்று சொல்லிவிட்டு நிறுத்த முடியுமா?

3. நீதிமன்றத்தில் ஒரு பாட்டு

அருணகிரிக்குப் பிறகு சுமார் 400 வருஷம் இந்தப் பாடல்கள் ஓலையிலும் வாயிலுமாகச் சிதறிக் கிடந்தன. அவற்றைச் சேர்த்து எடுத்தவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை (1846 - 1909). நீதிமன்ற ஊழியராக இருந்து மாவட்ட முன்சீப் ஆனவர். தமிழ்ப் பண்டிதர் வேலை பார்த்தவர் இல்லை.

அவருக்கு இந்த ஆர்வம் வந்தது ஒரு வழக்கில். சிதம்பரம் தீட்சிதர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு. தங்கள் பெருமைக்கு ஆதாரமாக, தில்லை மூவாயிரவரைப் புகழும் ஒரு திருப்புகழ் பாட்டை அவர்கள் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டினார்கள். சாட்சியமாக வந்த பாட்டு இவரைப் பிடித்துக்கொண்டது. பாட்டின் ஓசையில் சொக்கிப்போனவர், இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். ஊர் ஊராக ஓலைச்சுவடி தேடி, 1890-களில் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் இரண்டாம் தொகுதி. அவருக்குப் பின் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை (1883 - 1971) அந்த வேலையைக் கையில் எடுத்து, பாடல்களுக்கு உரை எழுதி, அருணகிரியின் வரலாற்றையும் நூல்களையும் ஆராய்ந்து எழுதினார். அப்பா, மகன் இரண்டு ஆயுள் சேர்ந்த வேலை இது. உ.வே.சா.வைக் கொண்டாடுகிற நாம் இந்தக் குடும்பத்தின் பெயரை அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஓலைச்சுவடியைப் படிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். 'க' என்று எழுதியிருந்தால் அது 'க'வா, 'க்'கா? எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதற்கும் வித்தியாசம் இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. செல்லரித்த இடம் வேறு.

இங்கேதான் சந்தம் கை கொடுக்கிறது. என் தொழிலில் தகவலை அனுப்பும்போது கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணையும் அனுப்புவோம். செக்சம் என்று சொல்வது. வழியில் ஒரு பிட் மாறினாலும் கணக்கு இடிக்கும், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். திருப்புகழில் ஒவ்வொரு அடியும் அடுத்த அடிக்கு செக்சம். மூன்றாம் அடியில் ஒரு எழுத்து சந்தேகமாக இருக்கிறதா? முதல் அடியில் அதே இடத்தில் என்ன வந்தது என்று பார். அங்கே 'தத்த' வந்திருந்தால் இங்கேயும் வல்லின ஒற்று வந்தாக வேண்டும். அங்கே 'தந்த' என்றால் இங்கே மெல்லினம். புள்ளி இல்லாத ஓலைக்குச் சந்தமே புள்ளி வைக்கும்.

அருணகிரி இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் காதுக்காகச் செய்தார். ஆனால் காதுக்காகப் போட்ட கட்டு, 400 வருஷம் கழித்து, யாரோ ஒரு முன்சீப்பின் கண்ணுக்கு உதவியது.

4. செப்பேடு, அச்சு, மணி

இசை எப்படி உயிர் பிழைக்கிறது? இந்தக் கேள்வியோடு அருணகிரியை வேறு சிலருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அருணகிரியின் காலத்திலேயே, திருவண்ணாமலையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில், திருப்பதியில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408 - 1503) பாடிக்கொண்டிருந்தார். அவருடைய சங்கீர்த்தனங்களை அவர் குடும்பத்தார் செப்பேட்டில் வெட்டித் திருமலைக் கோயிலில் பத்திரப்படுத்தினார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ராகத்தின் பெயர் உண்டு. ஆனால் சுரம் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் செப்பேடுகள் வெளிச்சத்துக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான பாடல்கள் கிடைத்தன. மெட்டு? பெரும்பாலும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. செம்பு, ராகப் பெயரைக் காப்பாற்றியது. பாட்டை எப்படிப் பாடினார் என்பதை அதனால் காப்பாற்ற முடியவில்லை.

முத்துசுவாமி தீட்சிதர் (1775 - 1835) கதை வேறு. பஞ்சபூதத் தலங்களுக்கு ஒவ்வொரு கீர்த்தனை பாடியவர், அக்னித் தலமான திருவண்ணாமலைக்கு சாரங்க ராகத்தில் 'அருணாசல நாதம்' பாடினார். அந்த மெட்டு இன்று நம் கையில் இருக்கிறது. காரணம், சீடர் பரம்பரை. அதோடு, 1904-இல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை சுரக்குறிப்போடு அச்சில் கொண்டுவந்தது. தீட்சிதர் கையில் வீணையோடும் பின்னால் சீடர்களோடும் வாழ்ந்தார். அருணகிரிக்கு அப்படி ஒரு சீடர் வரிசை இருந்ததாக எந்தத் தடயமும் இல்லை.

மூன்றாவது ஆள் ரொம்ப தூரத்துக்காரர். எஸ்டோனியாவின் ஆர்வோ பேர்ட், 1935-இல் பிறந்தவர். 1968-இல் அவருடைய 'கிரேடோ' சோவியத் அதிகாரிகளின் கோபத்தைக் கிளறியது. அதன்பின் ஏறக்குறைய எட்டு வருஷம் மிகக் குறைவாகவே எழுதினார். பழைய தேவாலய இசையைப் படித்துக்கொண்டு ஒதுங்கி இருந்தார். 1976-இல் மறுபடி பியானோவுக்கு ஒரு சின்னத் துண்டு எழுதிக்கொண்டு வந்தார். அந்தப் பாணிக்கு 'டின்டினாபுலி' என்று பெயர், மணியோசையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவருடைய குரலிசைப் படைப்புகளில் ஒரு சொல்லுக்கு எத்தனை அசை, அழுத்தம் எந்த அசையில் என்பதை வைத்தே சுரம் எத்தனை படி ஏறும், எத்தனை படி இறங்கும் என்பது முடிவாகும். சொல்தான் இசையை ஓட்டும் நிரல்.

இவரைப் படிக்கும்போது எனக்கு அருணகிரி ஞாபகம் வருவது இரண்டு காரணங்களால். ஒன்று, மௌனம். பேச்சை விட்டுவிட்டு சும்மா இருப்பதே தனக்குக் கிடைத்த உபதேசம் என்று அனுபூதியில் சொல்கிறவர், ஆயிரக்கணக்கில் பாடித் தீர்த்திருக்கிறார். இரண்டு, சொல்லின் எலும்பிலேயே இசையை வைப்பது. ஆனால் பேர்ட் எழுதிய தாள்கள் இன்று லௌலஸ்மா என்னும் கடலோர ஊரில், 2018-இல் திறந்த ஒரு மையத்தில் இருக்கின்றன. அருணகிரி கையால் எழுதின ஒரு துண்டு ஓலைகூட நம்மிடம் கிடையாது.

இப்படி வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அன்னமாச்சாரியாருக்குச் செம்பு இருந்தது, தீட்சிதருக்குச் சீடர்கள் இருந்தார்கள், பேர்ட்டுக்குத் தாள் இருக்கிறது. அருணகிரிக்குத் தமிழ் எழுத்து மட்டும் இருந்தது. எழுத்துக்குள் எதை ஏற்ற முடியுமோ அதை ஏற்றினார். தாளம் ஏறியது, ஓசை ஏறியது. சுரம் ஏறவில்லை.

5. தொண்டைகள்

அப்படியானால் சுரம் எங்கே இருந்தது? தொண்டைகளில். யாருடைய தொண்டைகளில்?

வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870 - 1950) மைசூர் அரண்மனையில் சமையற்காரராக இருந்தவர். திருப்புகழை வீதிக்கும் படிக்கும் கொண்டுபோனவர் என்றால் அவர்தான். ஆங்கிலப் புத்தாண்டுக்குத் துரைகளைப் பார்க்க மாலையோடு போய் நிற்பதைவிட முருகனைப் போய்ப் பாருங்கள் என்று, டிசம்பர் 31 இரவில் திருத்தணியில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறும் வழக்கத்தைத் தொடங்கினார். இன்றும் அந்தப் படிவிழா நடக்கிறது. திருவண்ணாமலைக்கு ரமணரைத் தேடி வந்து, சேஷாத்ரி சுவாமிகளிடம் போய், திருப்புகழே உனக்கு மந்திரம் என்று கேட்டுக்கொண்டு போனவர். ஆனால் அவருக்குத் திருப்புகழை முதலில் காதில் போட்டது யார்? பழனி கோயிலில் ஆடிப் பாடிய ஒரு தாசிப் பெண் என்கிறது அவருடைய வாழ்க்கைக் கதை.

கச்சேரி மேடைக்குத் திருப்புகழைக் கம்பீரமாகக் கொண்டுவந்தவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889 - 1934). சுற்றிலும் மிருதங்கம், கடம், கஞ்சிரா என்று ஒரு பட்டாளத்தை உட்கார வைத்துக்கொண்டு, தாளத்தோடு மல்லுக்கட்டிப் பாடுவார். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவருடைய சீடர். காஞ்சிபுரத்தில் சிறுமியாக அவர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர் டி.கே. பட்டம்மாள். நாயனாப் பிள்ளையின் அம்மா காமாட்சி அம்மாள். அவருடைய சகோதரி, அந்தக் காலத்துப் புகழ்பெற்ற பாடகி காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் மரபில் வந்த இசைக் குடும்பம்.

இப்போது முதல் பகுதியில் பாதியில் விட்ட விஷயத்துக்கு வருவோம். திருப்புகழின் முன்பாதிகளில் மாயக்காரிகள், பணம் பறிப்பவர்கள், நோய் கொடுப்பவர்கள் என்று அடிக்கு அடி ஏசப்படுகிற பெண்கள் யார்? இதே தெருக்காரர்கள். இதே வீடுகள். அந்த வரிகளை இன்று வாசிக்கும்போது நெளியாமல் இருக்க முடியாது, நெளியவும் வேண்டும். தத்துவமாக விளக்கி மழுப்பலாம். புலனின்பத்துக்கான உருவகம் என்று சொல்லலாம். உருவகத்துக்கு எதற்கு எப்போதும் ஒரே தெருவுப் பெண்களின் உடம்பு என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

ஆனால் வரலாறு செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். பாட்டு யாரை ஏசியதோ, அவர்கள்தான் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். பழனியில் பாடிய அந்தப் பெண் தன்னை ஏசும் வரிகளையும் சுருதி பிசகாமல், தாளம் தப்பாமல் பாடியிருப்பார். என்ன நினைத்துக்கொண்டு பாடினார்? நமக்குத் தெரியப் போவதில்லை. அவருக்கு அந்த மெட்டைச் சொல்லிக் கொடுத்தது அவர் அம்மாவாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம். எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எழுத்தைத் தேடி ஊர் ஊராகப் போக ஒரு முன்சீப் இருந்தார். அந்த வீடுகளின் வாசலில் நின்று, 'அம்மா, இந்தப் பாட்டுக்கு உங்க வீட்டு மெட்டு என்ன?' என்று கேட்டுச் சுரப்படுத்த ஒருத்தர் இல்லாமல் போனார்.

அந்த மெட்டுகள் அருணகிரியுடையவை என்று நிரூபிக்க முடியாமல் போயிருக்கலாம். ஆனாலும் அவை நம்மிடம் இருப்பதைவிட 100 வருஷமாவது பழையதாக இருந்திருக்கும். ஒரு சமூகத்தையே வெட்கப்பட வேண்டியதாக நினைத்த காலத்தில், அந்தச் சமூகத்தின் தொண்டையில் இருந்ததும் கூடவே போனது. மெட்டு தொலைந்தது என்று சொல்கிறோம். தொலைத்தது என்று சொல்வதுதான் சரி.

6. மிச்சம்

பிறகு வந்தவர்கள் கிடைத்த அச்சை வைத்துக்கொண்டு புதிதாக வார்த்தார்கள். டெல்லியில் வாழ்ந்த ஏ.எஸ். ராகவன் சுமார் 500 திருப்புகழ்களுக்கு ராகமும் தாளமும் அமைத்து, அலுவலகம் போகிறவர்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் இன்று பல நாடுகளில் ஒன்றாக உட்கார்ந்து பாடுகிறார்கள். ஒரே பாட்டை இவர்கள் ஒரு ராகத்தில் பாடுவார்கள், ஓதுவார் வேறு ராகத்தில் பாடுவார், கச்சேரிப் பாடகி மூன்றாவதில். மூவரும் எங்கே ஒத்துப்போகிறார்கள் என்று கவனியுங்கள். 'தத்த' வரும் இடத்தில் மூவரும் அடைப்பார்கள். 'தந்த' வரும் இடத்தில் மூவருக்கும் அதிரும். தொங்கலில் மூவரும் இறங்குவார்கள். விரும்பினாலும் வேறு மாதிரி பாட முடியாது. சொல் விடாது.

அந்த இடத்தில் பேசுகிறவர் அருணகிரி. 600 வருஷத்துக்கு முன் ஒரு மனிதர் எந்த இடத்தில் மூச்சை நிறுத்தினார், எந்த இடத்தில் விட்டார் என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்று தெரியாது, அக்கா என்ன சொன்னாள் என்று தெரியாது, குதித்தாரா என்றுகூடத் தெரியாது. மூச்சு தெரியும்.

அதனால் திருப்புகழைக் கண்ணால் மட்டும் வாசிக்காதீர்கள். பொருள் புரியவில்லை என்றால் பரவாயில்லை, அதற்குச் செங்கல்வராய பிள்ளை உரை இருக்கிறது. முதலில் மேலே இருக்கும் 'தத்தன தனன'வை நாலு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பாட்டுக்குப் போங்கள். ராகம் தெரியாத ஆளுக்கும் அங்கே ஒரு பாட்டு கேட்கும். அதோடு, உங்கள் வீட்டிலோ தெருவிலோ வயசான ஒரு அம்மா எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு மெட்டில் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருந்தால், கையில் இருக்கும் செல்போனில் அதைப் பதிவு செய்துவிடுங்கள். சொல்லுக்குள் ஏறாதது தொண்டையில்தான் இருக்கும்.